தண்ணி செத்துக்கிடக்குது

(ராயபுரத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மைக் கொஞ்சம் இரைகிறது, பரவாயில்லை. வெளியே டிரெய்லர் லாரி போகிற சத்தம் இதைவிடப் பெரிது. என்னிடம் உள்ள ஒலிப்பதிவுகள் எல்லாவற்றிலும் அந்தச் சத்தம் உண்டு. இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் பேட்டி எடுக்கிறேன். யார் எதைப் பேசினாலும் அவர்களுக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். முக்கியமான சொல் வருகிற இடமாகப் பார்த்துத்தான் டிரைவர் ஹாரன் அடிப்பார்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அறிவியல், தொழில்நுட்பம், சமூகம் பற்றிச் சிந்தனையாளர்களுடன் நீண்ட பேட்டிகள். அழைப்பிதழில் பார்த்ததும் கொஞ்சம் உதறியது. நான் பேட்டி எடுத்தவர்களில் பாதிப் பேரைச் 'சிந்தனையாளர்' என்று கூப்பிட்டால் யாரையோ சொல்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் முதலில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

2011 என்று நினைவு. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பம். அங்கே ஒரு பெரியவர். ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஆற்றில் வலை போட்டே எழுபது வயதைத் தாண்டியவர். கொசஸ்தலை ஆறு எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டேன். படகு விளிம்பில் உட்கார்ந்தபடி சொன்னார்: "தண்ணி செத்துக்கிடக்குது தம்பி."

நான் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, பத்திரிகைத் தமிழில் சுத்தமாகத் துவைத்து, "ஆற்று நீர் மிகவும் மாசடைந்துவிட்டது" என்று அச்சில் போட்டேன். அச்சானதைப் பேரன் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த வாரம் போனேன். டீ கொடுத்தார். கொடுத்துவிட்டு, "நான் எப்பப்பா அப்டி சொன்னேன்?" என்றார்.

அவர் சொன்னது வேறு. முகத்துவாரம் என்றால் கடல் உள்ளே வந்து போகிற வாசல். ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஏறுகிற தண்ணீரோடுதான் இறால் குஞ்சு உள்ளே வரும். அடியில் சாம்பலும் மணலும் ஏறி ஆறு மேடாகிவிட்டால் அந்த ஏற்றம் முன்பு போன தூரம் போகாது. தண்ணீர் நிற்கும். நிற்கிற தண்ணீர் அவர் பாஷையில் செத்த தண்ணீர். "நாளைக்கே எல்லா அழுக்கையும் எட்த்துட்டு பன்னீரா ஊத்தினாலும் இன்னா, அது ஓட வேணாமா?" என்று கேட்டார்.

பாருங்கள், அவர் பேசியது நீரியல். ஒரு கழிமுகத்தின் உயிர் அதன் நீர்ப் பரிமாற்றத்தில் இருக்கிறது என்று பேராசிரியர்கள் எழுதுவதை இரண்டே சொல்லில் சொன்னார். நான் அதைத் துண்டுப் பிரசுரமாக்கிவிட்டேன். அழுக்கு வேறு, ஓட்டம் வேறு. அழுக்கை எடுப்பது ஒரு வேலை, ஆற்றை ஆழப்படுத்தி வாசலைத் திறந்துவைப்பது இன்னொரு வேலை. என் ஒற்றை வரியில் இரண்டாவது வேலை காணாமல் போயிற்று.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்பது இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் பேச்சு அச்சாகும் என்கிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றது. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-இல் வந்தது. முதல் கட்டம் 630 மெகாவாட், பின்னால் வந்த இரண்டாம் கட்டம் 1,200. பக்கத்திலேயே வல்லூர், 1,500 மெகாவாட். நிலக்கரியை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் கசிந்து ஆற்றில் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற ஒரு அக்கா என்னிடம் சொன்னார்: "சேறுன்னா விரலு உள்ள போவும். சாம்பலு மேல மெத்துன்னு இருக்கும், கீழ சிமெண்ட்டு." வண்டல் ஆய்வுக்கு மாதிரி எடுக்கிறவர்கள் அந்த விரல்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தமிழில் நீண்ட பேட்டிக்கு ஒரு மரியாதை வந்ததில் 'சுபமங்களா' இதழுக்குப் பெரிய பங்கு உண்டு. கோமல் சுவாமிநாதன் 1991 முதல் 1995 வரை நடத்தினார். பக்கம் பக்கமாகப் பேட்டி போடுவார்கள். நானெல்லாம் அதை வெட்டி வைத்துப் படித்த தலைமுறை. ஆனால் அங்கே உட்கார்ந்து பேசியவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், அரசியல்வாதிகள். இந்தப் பழக்கம் இன்றுவரை நம்மைவிட்டுப் போகவில்லை. ஒரு கவிஞரிடம் இருபது பக்கம் கேட்போம். ஒரு பொறியாளரிடம் இரண்டு பத்தி, அதுவும் விருது வாங்கினால். கவிஞர்கள் மன்னிக்க வேண்டும், இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

வெளியில் வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். கனடாவின் சிபிசி வானொலியில் டேவிட் கேலி என்றொருவர் 'ஐடியாஸ்' நிகழ்ச்சிக்காக வேலை பார்த்தார். இவான் இல்லிச்சை நாள்கணக்கில் பேசவைத்துப் பதிவுசெய்து, 1992-இல் நூலாகவும் கொண்டுவந்தார். பள்ளியும் மருத்துவமும் மோட்டார் வண்டியும் ஒரு அளவைத் தாண்டினால் எதற்காக வந்தனவோ அதையே கெடுக்கும் என்று சொன்ன இல்லிச். பிறகு 2007-இல் அறிவியலைப் பற்றி எப்படி யோசிப்பது என்று 24 மணி நேரத் தொடர் ஒன்றை ஆரம்பித்தார். வரலாற்றாளர், இயற்பியலாளர், தத்துவக்காரர் என்று வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவரும் அவசரமில்லாமல் பேசினார்கள். கேலியின் குரல் அதிகம் கேட்காது. அந்த அடக்கம் எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தத் தொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வரும். 'சுபமங்களா' வந்துகொண்டிருந்த அதே வருஷங்களில், இதே ஊரில், தரமணியில், அப்படி ஒருவர் இருந்தார். சி.வி. சேஷாத்ரி. ரசாயனப் பொறியாளர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். 1977-இல் தொடங்கிய முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை உருவாக்கி நடத்தினார். சுருள்பாசி என்று இன்று மாத்திரையாக விற்கிறார்களே, அதைக் கிராமத்துத் தொட்டியில் வளர்க்க முடியும் என்று செய்துகாட்டியவர்கள் அவருடைய ஆட்கள். 1995-இல் மறைந்தார். கோமல் சுவாமிநாதனும் அதே ஆண்டில் போனார். ஒருவர் எதிரே இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதோடு சரி. சமூகவியலாளர் ஷிவ் விஸ்வநாதன் ஆங்கிலத்தில் அவரைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். தமிழில் அவரை உட்காரவைத்து எடுத்த பேட்டி ஒன்று என் கையில் கிடைக்கவேயில்லை.

சேஷாத்ரி என்ன சொன்னார்? 1982-இல் வளர்ச்சியையும் வெப்ப இயக்கவியலையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதினார். கல்லூரிப் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? அதிகச் சூட்டில் இருக்கும் வெப்பம் உயர்ந்த தரம், ஏனென்றால் அதைக்கொண்டு எஞ்சினை ஓட்டலாம். சுற்றுப்புறச் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பம் மட்டம், அதை வைத்து எதையும் ஓட்ட முடியாது. இதை நாம் இயற்கையின் சட்டம் என்று மனப்பாடம் செய்தோம். சேஷாத்ரி கேட்டார்: இது இயற்கையின் சட்டமா, நீராவி எஞ்சின் வைத்திருப்பவனின் தராசா? பருவமழை, இலை, கடல்நீரை உப்பாக்கும் வெயில் எல்லாம் வேலை செய்வது நம் உடம்பு தாங்குகிற சூட்டில்தான். அந்தத் தராசில் இவை எல்லாம் மட்டம். ஒரு தேசம் அந்தத் தராசை வைத்துத் தன் வளர்ச்சியை அளந்தால், வெயிலில் வேலை பார்ப்பவன் கணக்கிலேயே வரமாட்டான் என்றார்.

இதை நான் முதலில் படித்தபோது தலையில் ஏறவில்லை. காசிமேட்டில் ஒரு மத்தியானம் ஏறியது. கருவாடு காயப்போட்டிருந்தார்கள். காரப்பொடி மீனும் நெத்திலியும் விரிப்பில் பரப்பி, ஒரு அம்மா காக்கா விரட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வடக்கே பார்த்தால் வானத்தில் புகைபோக்கிகள். புகைபோக்கிக்கு மெகாவாட் உண்டு, இந்த வெயிலுக்கு என்ன உண்டு? வெயில் அன்றைக்கு எத்தனை டன் மீனைக் காயவைத்தது, எத்தனை வீட்டுக்குப் பத்து நாள் குழம்பாயிற்று என்று எந்த எரிசக்திப் புள்ளிவிவரத்திலும் வராது. அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் உப்பளங்கள் இருந்த பூமி. அங்கேயும் வெயில்தான் வேலை பார்த்தது, சம்பளம் வாங்காமல். கணக்கில் இல்லாததை 'காலி நிலம்' என்று காகிதத்தில் எழுதுவது சுலபம்.

காகிதம் என்றதும் வரைபடம் ஞாபகம் வருகிறது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் முகத்துவாரம் இருக்கிறது. பிற்பாடு புழங்கிய இன்னொரு வரைபடத்தில் அது இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாக 2017-இல் இது வெளியே வந்தபோது நான் நைனாவின் வீட்டுக்குப் போனேன். அவர் படுத்த படுக்கை. ஆறு மேப்பில் இல்லையாம் நைனா என்றேன். "நான் அப்ப எதுல குளிச்சேன்?" என்றார். அதே வருஷம் ஜனவரியில் வெளியான, கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய புறம்போக்குப் பாடலை எண்ணூரில் படமெடுத்திருந்தார்கள். குப்பத்துப் பையன்கள் அதைப் போனில் போட்டுக் காட்டினார்கள். ராகத்தைப் பற்றி நைனா ஒன்றும் சொல்லவில்லை. பாடகர் நிற்கிற இடத்தைப் பார்த்து, அங்கே அந்த நேரத்தில் தண்ணி வத்தம் என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கடற்கரையில் அறிவியலைப் பற்றிப் பேசினால் சிங்காரவேலரைத் தாண்டிப் போக முடியாது. 1860-இல் அயோத்தியாகுப்பத்தில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். 1923 மே 1-ஆம் தேதி இந்தியாவில் முதல் மே தினம் கொண்டாடியவர் என்று எல்லோருக்கும் தெரியும். 'குடி அரசு' இதழில் அவர் எழுதிய அறிவியல் கட்டுரைகளும், 1935-இல் நடத்திய 'புது உலகம்' பத்திரிகையும் அந்த அளவுக்கு நினைவில் இல்லை. கூலி உயர்வுக்குப் போராடுகிறவனுக்குக் கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதும் தெரிய வேண்டும் என்று நினைத்த மனிதர். எனக்கு அவர் மேல் பக்தி உண்டு, சின்ன மனத்தாங்கலும் உண்டு. அவர் போட்ட பாதையில் அறிவியல் லண்டனிலிருந்து கப்பலேறி குப்பத்துக்கு வந்தது. குப்பத்திலிருந்து அந்தப் பக்கம் போக ஒரு சரக்கும் இல்லை என்று அவர் காலம் நினைத்தது. மூடநம்பிக்கையோடு மல்லுக்கட்டிய காலம், வேறு எப்படி நினைத்திருப்பார்கள்? தொண்ணூறு வருஷம் கழித்து நாமும் அப்படியே நினைத்தால்தான் தப்பு.

சரக்கு இருக்கிறது என்பதற்குக் காக்கா ஆழியைச் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக: கறுப்பாக, விரல் நகத்திலிருந்து கட்டைவிரல் அளவு வரைக்கும் இருக்கும் சிப்பி. நார் நாராக நூல்விட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆற்றின் அடியில் கம்பளம் விரித்ததுபோல் படரும். அந்தக் கம்பளத்துக்குக் கீழே இறால் புதைய முடியாது, மஞ்ச மட்டி மூச்சுவிட முடியாது. காலை வைத்தால் கிழிக்கும். எண்ணூரில் பரவி, பழவேற்காடு ஏரிப் பக்கமும் போய்விட்டது. விலங்கியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா. சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கக் கரைகள். கேரளத்தில் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதை, அங்கே இதற்கு 'வரத்தன் கக்கா' என்று பெயர். வரத்தன் என்றால் வந்தேறி.

நான் கேட்க நினைத்தது ஒரே கேள்வி: இது வெளியூர்ச் சரக்கு என்று எப்படித் தெரிந்தது? அதிகாரிகளும் ஆய்வாளர்களும் வருவதற்கு முன்பே ஆற்றில் இறங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்களே. பத்து நிமிஷப் பேட்டியில் கிடைத்த பதில், "பார்த்தா தெரியாதா சார்." அத்தோடு எழுந்துவந்திருந்தால் செய்தி முடிந்தது. ஒரு நாள் முழுக்க வலை பின்னுகிற இடத்தில் உட்கார்ந்தேன். சாயங்காலம் நாற்பது வயதுக்காரர் ஒருவர், பேச்சு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தபோது, சொன்னார்: "இத்த எங்க ஆயாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். பேரு தெரியலன்னுச்சு. ஆயாவுக்குப் பேரு தெரியாதது இந்த ஆத்துல ஒண்ணியும் கிடையாது."

இதுதான் சோதனை முறை. அந்த ஆயா ஒரு அருங்காட்சியகத்தின் மாதிரிப் பெட்டகம். இருப்பதற்கெல்லாம் பெயர் உண்டு, பெயரில்லாதது நேற்று வந்தது. விலங்கியல்காரர் புது உயிரினம் ஒன்றைக் கண்டால் பழைய பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது இதேதான். பிறகு இவர்களே பெயர் வைத்தார்கள். காக்கா என்று ஏன் வைத்தீர்கள் என்றதற்கு அவர், "கறுப்பு. அப்பறம் வந்தா விடாது" என்றார். எப்படி வந்தது என்பதிலும் அவர்களிடம் ஒரு கணிப்பு இருந்தது: கப்பல். சரக்கில்லாத கப்பல் ஆடாமலிருக்க ஒரு துறைமுகத்தில் அடிவயிற்றில் கடல்நீரை ஏற்றும், இன்னொரு துறைமுகத்தில் சரக்கேற்றும்போது அதை வெளியே விடும். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளும் வரும். எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் வந்தது, காட்டுப்பள்ளி அதற்குப் பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து. கப்பல் நிலைத்தண்ணீர் வழியாகத்தான் இந்தச் சிப்பி கடல் தாண்டுகிறது என்பதே ஆய்வாளர்களும் வலுவாகச் சந்தேகிப்பது. அதற்காகவே போட்ட உலக ஒப்பந்தம் 2004-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

அதே 2017, ஜனவரி 28. எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையெல்லாம் எண்ணெய்ச் சகதி. ஆயிரக்கணக்கான கைகள் அதை வாளியில் அள்ளியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய், இந்தமுறை ஆற்றுக்குள்ளேயே. அந்த மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு எதிரே கடலடிக் குழாயில் அம்மோனியாக் கசிவு. ஜனங்கள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஒவ்வொரு முறையும் மைக்குகள் வந்தன. ஒரு பெண் என்னிடம் நேராகவே சொன்னார்: "நீட்டின ஒடனே அழணும், அதானே உங்களுக்கு?" நானும் மைக்கோடுதான் நின்றிருந்தேன்.

அழுகைக்கு இருபது விநாடி போதும். ஆனால் அந்த இரவில் வாடை எந்தப் பக்கமிருந்து வந்தது, எந்தத் தெரு முதலில் இருமியது, காற்றைப் பார்த்து எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யார் முடிவுசெய்தார்கள் என்பதெல்லாம் மெதுவாகத்தான் வரும். சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டமும் அவசரமாக மைக் நீட்டுகிற வகைதான். 1997-இல் வந்த திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது, 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் அது தொடர்ந்தது, நல்ல காரியம். ஷாமியானா போடுகிறார்கள், டோக்கன் கொடுக்கிறார்கள், பேர், ஊர், ஆதரவா எதிர்ப்பா என்று எழுதிக்கொள்கிறார்கள். 'தண்ணி செத்துக்கிடக்குது' என்று நைனா அங்கே எழுந்து சொல்லியிருந்தால் எந்தக் கட்டத்தில் குறித்திருப்பார்கள்? எதிர்ப்பு என்று போட்டிருப்பார்கள். பத்திரிகைக்காரனான நானே மாசு என்று போட்டவன்தானே.

ஆற்றங்கரையில் மட்டும்தான் இது என்று நினைத்துவிட வேண்டாம். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வார்ப்பட ஆலைகளில் காலம் கழித்த ஒரு மோல்டரைப் பேட்டி எடுத்தேன். வார்ப்பு அச்சுக்கான மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தைப் பார்ப்பாராம். விளிம்பு உதிராமல் நின்றால் பதம். ஆலைக்கு ஈரம் அளக்கும் கருவி வந்த அன்றைக்கு இவர் கையும் அதுவும் ஒத்துப்போனதா என்று கேட்டேன். "அது என் கையோட ஒத்துப்போச்சு" என்று திருத்தினார். எந்திரம் மனிதன் வேலையைப் பிடுங்குமா என்று ஊரெல்லாம் கருத்தரங்கம் போடுகிறார்களே, அவரை ஒரு நாள் மேடையேற்றலாம்.

சரி, நீண்ட பேட்டி எடுப்பது எப்படி என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என்னிடம் பெரிய வித்தை இல்லை. கேள்வித்தாளைக் கொண்டுபோவேன், வெளியே எடுக்கமாட்டேன். அவர்கள் கை வேலையாக இருக்கும்போது போவேன், சும்மா உட்கார்ந்திருப்பவர் பதில் மட்டும்தான் சொல்வார். இரண்டாம் தடவை கட்டாயம் போவேன். அச்சானதை எடுத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் போவது நைனாவுக்குப் பிறகு வந்த பழக்கம். பேச்சுவழக்கை எவ்வளவு விட்டுவைப்பது என்பதில் மட்டும் எனக்கு இன்றும் குழப்பம்தான். வடசென்னைத் தமிழை அப்படியே போட்டால் சினிமா கேலி மாதிரி படிப்பவன் சிரிக்கிறான், திருத்தினால் பொருள் போகிறது. நான் இப்போது வாக்கியத்தைத் திருத்துகிறேன், பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் தொடுவதில்லை. இதுவும் அரைகுறைத் தீர்வுதான்.

கடைசியாக ஒன்று. அந்த 2011 பேட்டியில் நடுவில் ஓர் இடம் உண்டு. நைனா பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தி, "கேளு" என்கிறார். அதற்கப்புறம் நாற்பது விநாடி யாரும் பேசவில்லை. பிறகு, "கேட்டுச்சா?" என்கிறார். நான் "ம்" என்கிறேன். பொய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அச்சில் அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவர் இப்போது இல்லை. அந்த நாற்பது விநாடியைப் போனில் ஏற்றி வந்திருக்கிறேன். லாரி ஒன்று போகிறது, அதை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே தண்ணீரிலோ காற்றிலோ ஏதோ இருக்கிறது. காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெரியவர்கள் வந்திருக்கிறீர்கள். மைக் பக்கத்தில் போனை வைக்கிறேன். தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துப்பா.